கயிற்றின் இப்பக்கம்

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்னும் பெரிய தீவு இருக்கிறது. அத்தீவின் தென்மேற்குப் பகுதியில், சித்தோசே விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணத் தொலைவில் நிசேகோ என்னும் மலைப்பகுதி அமைந்துள்ளது. அங்குள்ள அன்னுபுரி மலையின் உயரம் 1,308 மீட்டர். உலகின் புகழ்பெற்ற மலைகளோடு ஒப்பிட்டால் அது சிறிய மலைதான். எனினும், குளிர்காலத்தில் உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் இந்த மலையைத் தேடி வருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவோர் பலர். அவர்கள் தேடி வருவது மலையின் உயரத்தை அன்று. அதன்மேல் விழும் பனியைத்தான்.

நிசேகோவில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக ஏறத்தாழ 14 மீட்டர் பனி பொழிகிறது. ஐந்து மாடி அடுக்குமாடி வீட்டின் உயரம் அது. விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கிவிடுவதால், அவ்வளவு உயரத்திற்கும் அது தரையில் குவிந்து நிற்பதில்லை. ஆயினும், சாலையோரங்களில் மனிதர் உயரத்தையும் தாண்டிய பனிச்சுவர்களைக் காணலாம். வீட்டுக் கூரைகளிலிருந்து பனியை வாரித் தள்ளுவது அவ்வூர் மக்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று.

இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில் சைபீரியாவின் நிலப்பரப்பு கடுமையாகக் குளிர்ந்துவிடும். அங்கிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வருகிறது. கடல்நீர் அக்காற்றைவிட மிகவும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால், காற்று வழிநெடுக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கரையை அடைந்ததும் மலைகள் அதனைத் தடுத்து மேலே எழுப்புகின்றன. மேலே எழுந்த காற்று மேலும் குளிர்ந்து, தான் சுமந்து வந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. கடல் அருகில் இருப்பதால் ஈரத்திற்குக் குறைவில்லை. காற்று கடுங்குளிராக இருப்பதால் விழும் பனி ஈரமின்றிப் பொடிப்பொடியாக விழுகிறது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் அமைவது அரிது.

இந்த மலைக்கு ஒரு டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில் ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகனும் வந்திருந்தார்கள். மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிபவர். பனிச்சறுக்கில் அவருக்குத் தீராத ஆர்வம். ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள்களுக்கு நிசேகோ வந்து செல்வார். அந்த ஆண்டு, ஜோகூர் பாருவில் நான்காம் படிவத்தை முடித்திருந்த மருமகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். பையன் அதற்குமுன் பனியைத் தொட்டதே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படியும் வெண்மைதான் அவன் அறிந்த பனி.

அது அவர்களுடைய பயணத்தின் கடைசி முழுநாள். மறுநாள் காலையில் விமான நிலையத்திற்குப் பேருந்து ஏற வேண்டும்.

அதிகாலையிலேயே மாமா விழித்துவிட்டார். சன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வாசலில் நிறுத்தியிருந்த மண்வெட்டியின் கைப்பிடி மட்டுமே வெளியே தெரிந்தது. இரவோடு இரவாக முழங்கால் உயரத்திற்குப் பனி விழுந்திருந்தது. ஆண்டு முழுவதும் அவர் காத்திருந்தது இப்படிப்பட்ட ஓர் இரவுக்காகத்தான்.

"தம்பி, எழுந்திரு! இன்றைக்குத்தான் உண்மையான நிசேகோவைப் பார்க்கப்போகிறாய்," என்றார்.

பையன் போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: "மாமா, வெளியே எத்தனை டிகிரி?"

"கீழே சுழியத்திற்குக் கீழ் எட்டு. மேலே இன்னும் குறைவு."

"அப்படியானால் கீழேயே இருக்கலாமே, மாமா!"

அவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மலையில் வேலை தொடங்கி வெகுநேரமாகியிருந்தது. இரவு முழுவதும் சங்கிலிச் சக்கரங்கள் பூட்டிய பெரிய வண்டிகள் சறுக்குத்தடங்களில் ஏறி இறங்கி, குவிந்த பனியைச் சமப்படுத்திக்கொண்டிருந்தன. விடியும் முன்னரே மலைப் பாதுகாப்புக் குழுவினர் மேலேறிச் சென்றனர். புதிதாக எவ்வளவு பனி விழுந்துள்ளது, காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, வெப்பநிலை என்ன, புதிய பனி பழைய பனியோடு ஒட்டியிருக்கிறதா என்பனவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் திரட்டும் செய்திகளைக் கொண்டு நாள்தோறும் காலையில் பனிச்சரிவு அறிக்கை ஒன்று வெளியிடப்படுகிறது. மலையில் பழகியவர்கள் காலைச் சிற்றுண்டிக்கு முன் அந்த அறிக்கையைத்தான் படிப்பார்கள்.

அன்றைய அறிக்கையை மாமாவும் படித்தார். பலத்த வடமேற்குக் காற்று. மலையுச்சிக்குச் செல்லும் இருக்கைத் தூக்கிகள் இயங்குவது ஐயம். மேலுள்ள வாயில்கள் மூடப்பட்டுள்ளன. அவர் முகம் சற்று வாடியது. எனினும், "நண்பகலுக்குள் காற்று தணிந்துவிடும்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். முதுகுப்பையில் மூன்று பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று, இடங்காட்டும் சமிக்ஞைக் கருவி. இரண்டாவது, மடக்கி விரிக்கக்கூடிய நீண்ட துழாவுகோல். மூன்றாவது, சிறிய அலுமினிய மண்வெட்டி. பனிக்குள் புதைந்தவரைத் தேடி, கண்டுபிடித்து, தோண்டி எடுப்பதற்கான கருவிகள் அவை.

பையன் அவற்றைப் பார்த்து, "இவையெல்லாம் உங்களைக் காப்பாற்றுமா, மாமா?" என்று கேட்டான்.

"என்னையா? என்னோடு வருபவனை நான் காப்பாற்றவும், அவன் என்னைக் காப்பாற்றவும்தான் இவை. தனியாகப் போகிறவனுக்கு மண்வெட்டியால் பயனில்லை," என்றார் மாமா.

காலை எட்டரை மணிக்கு அவர்கள் அடிவாரத்தை அடைந்தார்கள். சறுக்குத்தடங்களின் தன்மையைக் காட்டும் பலகை அங்கே இருந்தது. பச்சை நிறக் கோடுகள் தொடக்கநிலையினருக்கு, சிவப்பு இடைநிலையினருக்கு, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. பையனுக்கு உரியது பச்சை. முதல்நாள் பயிற்சியில் அவன் கற்றுக்கொண்டது விழுவதற்குத்தான். பனிச்சறுக்குப் பயிற்றுநர்கள் நிற்கக் கற்றுக்கொடுக்கும் முன், பக்கவாட்டில் சாய்ந்து விழவும், விழுந்தபின் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழவும் கற்றுக்கொடுப்பார்கள். அடுத்த பாடம் நிறுத்துவது. இரு சறுக்குக் கட்டைகளின் முன்முனைகளை நெருக்கியும் பின்முனைகளை அகற்றியும் வைத்தால், அவை ஆப்பு வடிவத்தில் பனியை அழுத்தி வேகத்தைக் குறைக்கும். வேகமாகச் செல்வது மூன்றாவது பாடம்தான்.

இன்னொரு விதியையும் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரிவில் கீழே செல்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தாம் விலகிச் செல்ல வேண்டும். ஏனெனில், கீழே இருப்பவருக்கு முதுகில் கண் இல்லை. மேலே இருப்பவருக்கே முழுக் காட்சியும் தெரியும். எவருக்கு அதிகம் தெரிகிறதோ அவருக்கே பொறுப்பும் அதிகம்.

அன்று காலையில் பையன் கம்பிவண்டியில் ஏறி மலையின் இடைப்பகுதி வரை சென்று, பச்சைத் தடத்தில் மாமாவோடு இறங்கிவந்தான். மூன்று முறை விழுந்தான். நான்காவது முறை விழவில்லை. பனியைப் பற்றி அவன் கொண்டிருந்த எண்ணமெல்லாம் அன்று மாறியது. பனி என்றால் ஒன்றே என்று அவன் நினைத்திருந்தான். சமப்படுத்தப்பட்ட தடத்தில் அது துணிபோல் மடிப்பு மடிப்பாக உறுதியாக இருந்தது. தடத்தின் ஓரத்தில் பஞ்சுபோல் காலை உள்வாங்கியது. காற்று அடித்துத் துடைத்த மேட்டில் பலகைபோல் கெட்டியாக ஒலித்தது. மூன்றும் ஒரே இரவில் விழுந்த பனிதான்.

இந்த வேறுபாட்டை எண்களாலும் சொல்லலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். அதே அளவுள்ள பனிக்கட்டியின் எடை ஏறத்தாழ 917 கிலோகிராம். ஆனால், நிசேகோவில் கடுங்குளிரில் விழும் புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் வரைதான் இருக்கும். அப்படியானால், அதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ இருப்பது வெறும் காற்று. அதனால்தான், அதன்மேல் சறுக்குபவர்களுக்கு மேகத்தின்மீது மிதப்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது. அதே பனியைக் காற்று அள்ளிச் சென்று வேறிடத்தில் குவிக்கும்போது, படிகங்களின் கிளைகள் உடைந்து, துகள்கள் நெருங்கி, எடை மும்மடங்காகவும் அதற்கு மேலும் கூடிவிடும்.

பனிப்படிகத்தின் வடிவம் எதைப் பொறுத்தது என்று ஆராய்ந்தவர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் உகிச்சிரோ நாகாயா. அவர் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். ஆயிரக்கணக்கான பனிப்படிகங்களைப் படம் பிடித்து வகைப்படுத்தியபின், 1936ஆம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கினார். படிகம் பற்றி வளர்வதற்கு அவர் பயன்படுத்தியது முயலின் முடி. வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாறப் படிகம் ஊசியாகவும் தட்டாகவும் ஆறு கிளைகள் விரித்த விண்மீனாகவும் உருவெடுப்பதை அவர் காட்டினார். தரையில் விழுந்த படிகத்தின் வடிவத்தைக் கண்டு, அது பிறந்த வானத்தின் நிலையை அறியலாம். ஆகவேதான், பனியை வானம் அனுப்பும் மடல் என்ற பொருளில் அவர் குறிப்பிட்டார். பனிச்சரிவை ஆராய்பவர்களும் ஒரு வகையில் அம்மடலைத்தான் படிக்கிறார்கள். என்றைக்கு எத்தகைய பனி விழுந்தது, அதன்மேல் எது விழுந்தது என்று அடுக்கடுக்காகப் படிக்கிறார்கள்.

நண்பகல் ஆயிற்று. காற்று தணியவில்லை. இடைமலை உணவகத்தில் மாமாவும் பையனும் சூடான கறிச் சோற்றைச் சாப்பிட்டார்கள். சுவரில் தொங்கிய திரையில் தூக்கிகளின் நிலையும் வாயில்களின் நிலையும் காட்டப்பட்டன. மாமாவின் கண்கள் தட்டில் பாதியும் திரையில் பாதியுமாக இருந்தன. 'மூடப்பட்டுள்ளது' என்ற சிவப்பு எழுத்துகள் மாறவேயில்லை.

அந்த வாயில்களுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு 1911ஆம் ஆண்டில் வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரி தியோடர் ஃபோன் லெர்ச் என்பவர் நீகாட்டா மாநிலத்தில் ஜப்பானியப் படைவீரர்களுக்கு அதனைக் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டு அவர் ஹொக்கைடோவுக்கு வந்து, அன்னுபுரிக்கு எதிரே கூம்புபோல் நிற்கும் 1,898 மீட்டர் உயரமுள்ள யோத்தே எரிமலையிலும் சறுக்கினார். 1961ஆம் ஆண்டில் நிசேகோவின் ஹிராஃபு பகுதியில் சறுக்குத்தலம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. ஆசியாவில் நடைபெற்ற முதல் குளிர்கால ஒலிம்பிக் அதுவே. அதன்பின் பனிச்சறுக்கில் ஈடுபடுவோர் பெருகினர்.

ஆள்கள் பெருகப் பெருக, தடங்களைவிட்டு விலகி எவரும் தொடாத பனியைத் தேடிச் செல்வோரும் பெருகினர். பனிச்சரிவில் சிக்கி உயிர்கள் போயின. எல்லையைத் தாண்டக்கூடாது என்று தடை விதித்தார்கள். ஆனால், தடை மட்டும் பயன் தரவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து சென்றவர்கள் சென்றுகொண்டே இருந்தார்கள். அப்போது, அவ்வூரில் தங்குவிடுதி நடத்திவந்த மலையேறியான அகியோ ஷின்யா போன்றவர்கள் வேறொரு வழியைச் சிந்தித்தார்கள். எல்லாவற்றையும் மூடி வைப்பதைவிட, பாதுகாப்பான நாளில் வாயிலைத் திறந்துவிடலாம். ஆபத்தான நாளில் மூடிவிடலாம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை நாள்தோறும் மலையை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். இப்படித்தான் 'நிசேகோ விதிகள்' உருவாயின.

அவ்விதிகள் எளியவை. சறுக்குத்தலத்தைவிட்டு வெளியே செல்ல விரும்புவோர் வாயில் வழியாக மட்டுமே செல்ல வேண்டும். வாயில் மூடியிருந்தால் எவரும் செல்லக்கூடாது. கயிற்றைக் குனிந்தோ தாண்டியோ கடக்கக்கூடாது. மீறுபவரின் நுழைவுச்சீட்டு பறிக்கப்படும். எல்லைக்கு வெளியே தேடிச் சென்று மீட்க நேர்ந்தால் அதற்கான செலவை மீட்கப்பட்டவரே ஏற்க வேண்டும். மேலும், சில இடங்களுக்கு எந்நாளும் செல்லக்கூடாது. அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஹரு நோ தாக்கி'. தமிழில் சொன்னால் 'வசந்த அருவி'. பெயரின் அழகில் மயங்கி எவரும் அங்குச் செல்லக்கூடாது. பனி அடிக்கடி சரிந்து விழும் இடம் அது.

மணி ஒன்றைத் தாண்டியது. இனி வாயில் திறந்தாலும் பயனில்லை. டிசம்பர் மாதத்தில் அங்கு நான்கு மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். மாமா எழுந்தார். "சரி, வா. சேர்ந்தே இறங்குவோம்," என்றார். குரலில் உற்சாகம் இல்லை.

அவர்கள் இறங்கிய தடத்தின் வலப்புறத்தில் எல்லைக் கயிறு நீண்டு சென்றது. இடுப்பளவு உயரத்தில் கட்டப்பட்ட மெல்லிய கயிறு அது. ஒரு குழந்தைகூடக் குனிந்து கடந்துவிடலாம். கயிற்றுக்கு அப்பால் பூர்ச்ச மரங்கள் இடைவெளி விட்டு நின்றன. மரங்களுக்கு இடையில் ஒரு காலடித் தடமும் இல்லாத வெண்பனி இறங்கிச் சென்றது. கயிற்றுக்கு இப்பக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் சறுக்கிச் சறுக்கிப் பனி வரிவரியாகக் கிழிந்து கிடந்தது. அப்பக்கம் அது புதிதாக விரித்த வேட்டிபோல் இருந்தது.

மாமா நின்றார். பையனும் தடுமாறி அவருக்கருகில் நின்றான்.

அப்போது இரண்டு இளைஞர்கள் சறுக்குப் பலகைகளில் வேகமாக வந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒருவர் கயிற்றை உயர்த்திப் பிடிக்க, மற்றவர் குனிந்து கடந்தார். பின்னர், முன்னவரும் கடந்தார். ஒரு மகிழ்ச்சிக் கூச்சல் எழுந்தது. அவர்கள் சென்ற வழியில் பனி இருபுறமும் புகைபோல் எழுந்து அடங்கியது. சில நொடிகளில் அவர்கள் மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள்.

"மாமா, அவர்கள் போகிறார்களே!"

மாமா பதில் சொல்லவில்லை. அவருடைய இடக்கை கயிற்றின்மேல் இருந்தது. ஓராண்டுச் சேமிப்பு, கடைசி நாள், முழங்கால் உயரப் புதுப்பனி ஆகிய மூன்றும் அக்கயிற்றின் அப்பக்கத்தில் இருந்தன. அவர் தேர்ந்த சறுக்காளர். அந்த மரங்களுக்கிடையில் இறங்குவது அவருக்குக் கடினமான செயலன்று. ஆனால், பனிச்சரிவு ஒருவருடைய திறமையைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கிறது. அதற்கும் குறைந்த சாய்வில் பனி பொதுவாக நின்றுவிடும். மிகச் செங்குத்தான சரிவில் அது சேரும் முன்னரே உதிர்ந்துவிடும். தேர்ந்த சறுக்காளர்கள் விரும்பும் சாய்வும் அதே 30 முதல் 45 பாகைதான். காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கெட்டியான தட்டாகப் படியவைக்கிறது. அத்தட்டுக்கு அடியில் வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்தால், அது எதற்காகவோ காத்திருக்கும் பொறிபோல் இருக்கும். ஒரு மனிதரின் எடையே அப்பொறியைத் தட்டிவிடப் போதும். பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோர் தாமோ தம்மோடு வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகின்றனர்.

சரியும்போது நீர்போல் ஓடும் பனி, நின்றவுடன் சிமெண்டுபோல் இறுகிவிடும். புதைந்தவர் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் அவ்வாய்ப்பு மளமளவெனச் சரிகிறது. அடிவாரத்திலிருந்து உதவி வந்து சேர 15 நிமிடங்கள் போதா. ஆகவே, உடன் இருப்பவர்தாம் காப்பாற்ற வேண்டும். அன்று மாமாவோடு உடன் இருந்தது, ஆப்பு வடிவில் நிற்க மட்டுமே தெரிந்த பதினாறு வயதுப் பையன்.

மாமா கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"தம்பி, நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன்," என்றார்.

இருவரும் அடிவாரம் வரை இறங்கினார்கள். இடையில் மேகம் இறங்கி, வானும் தரையும் ஒரே வெண்மையாகிவிட்டன. எது மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. பையன் நின்று நின்று இறங்கினான். மாமா, "இடப்பக்கம் கம்பத்தைப் பார்த்து வா, என் குரலைக் கேட்டு வா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய தடத்தைக் கடக்க ஒரு மணி நேரமாயிற்று.

அடிவாரத்தில் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். தலைமுதல் கால்வரை பனி அப்பியிருந்தது. உரக்கச் சிரித்துக்கொண்டு, கைப்பேசியில் எடுத்த படக்காட்சியை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்தார்கள்.

பையன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, மாமா?"

"ஆகவில்லை. நல்லதுதான்."

"அப்படியானால் நீங்களும் போயிருக்கலாமே?"

மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "ஒன்றும் ஆகாததால் அது பாதுகாப்பான இடம் என்று அவர்கள் நினைப்பார்கள். நாளையும் போவார்கள். மலை ஒவ்வொரு தடவையும் தவற்றைத் திருத்தாது, தம்பி. பல தடவை பேசாமல் இருந்துவிடும். அதுதான் மலையிடம் உள்ள சிக்கல்," என்றார்.

பையனுக்கு அது முழுமையாக விளங்கவில்லை. பள்ளியில் தவறான விடைக்கு உடனே சிவப்பு மையால் கோடு விழும். இங்கோ, தவறான விடைக்கும் சில வேளைகளில் முழு மதிப்பெண் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த மதிப்பெண்ணை நம்பி அடுத்த தேர்வை எழுதுபவரின் நிலை என்னவாகும்?

சற்றுத் தொலைவில், பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் அந்த இளைஞர்களை நோக்கி நடந்து சென்றார். அவர் கோபப்படவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்தி வணங்கிவிட்டு, அவர்களிடம் நுழைவுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இளைஞர்களின் சிரிப்பு நின்றது. அவர்கள் ஏதோ வாதாடினார்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். ஆனால், சீட்டுகளைத் திருப்பித் தரவில்லை.

அவருடைய முகத்தில் களைப்பு தெரிந்தது. விடியும் முன் மேலேறியவர் அவர். அந்த இளைஞர்கள் திரும்பாமல் இருந்திருந்தால், அவரும் அவருடைய குழுவினரும் அதே சரிவுக்குள் தேடச் சென்றிருப்பார்கள். ஒருமுறை சரிந்த சரிவுக்கருகில் மறுபடியும் சரிவு ஏற்படக்கூடும். இருட்டிவிட்டால் ஆபத்து இன்னும் பெருகும். கயிற்றைக் குனிந்து கடப்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைக்கிறார். உண்மையில், தாம் பெயர்கூட அறியாத சிலரின் உயிரையும் சேர்த்தே அவர் பணயம் வைக்கிறார்.

நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்தது. சறுக்குத்தடங்களில் விளக்குகள் எரியத் தொடங்கின. இரவிலும் சறுக்க விரும்புவோர் வரிசையில் நின்றார்கள். மாமாவும் பையனும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குச் சென்றார்கள். எரிமலைப் பகுதியாதலால் நிசேகோவில் இயற்கையான வெந்நீர் ஊற்றுகள் பல உண்டு. திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு சூடான நீர். தலைமுடியில் விழுந்து உறையும் பனி. பையன் தன் காயங்களை எண்ணினான். முழங்காலில் ஒன்று, முழங்கையில் இரண்டு.

"மாமா, உங்களுக்கு வருத்தமாக இல்லையா?"

"இருக்கிறது," என்றார் மாமா மறைக்காமல். "ஓராண்டு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்த பனி அது. வருத்தம் இல்லாமல் எப்படி இருக்கும்?"

மறுநாள் காலையில் வானம் தெளிந்திருந்தது. மூன்று நாள்களாக மேகத்திற்குள் மறைந்திருந்த யோத்தே மலை முழுமையாகத் தெரிந்தது. அதன் வடிவம் ஃபூஜி மலையை ஒத்திருப்பதால், ஹொக்கைடோவின் பழைய பெயரான எசோவைச் சேர்த்து 'எசோ ஃபூஜி' என்றும் அதனை அழைப்பார்கள். காற்று அடங்கியிருந்தது. பேருந்து நிலையத்தில் நின்றபடி மாமா கைப்பேசியில் அன்றைய அறிக்கையைப் பார்த்தார். புதுப்பனி இரவில் பழைய பனியோடு ஓரளவு படிந்திருந்தது. மேலுள்ள வாயில்கள் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

பேருந்து புறப்படும் நேரம் எட்டரை.

மாமா கைப்பேசியைப் பையனிடம் நீட்டினார். பையன் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பார்த்தாயா? நேற்று மூடியவர்கள்தாம் இன்று திறக்கிறார்கள்," என்றார் மாமா. "அவர்கள் மூடியதை நம்பினால்தான் திறப்பதையும் நம்ப முடியும்."

பேருந்தின் பெட்டி அறையில் அவருடைய முதுகுப்பை ஏற்றப்பட்டது. அதனுள் சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வெட்டியும் இருந்தன. மண்வெட்டியின் அலுமினியத் தகட்டில் ஒரு துளி ஈரமும் இல்லை. பையன் சன்னலோர இருக்கையில் அமர்ந்து மலையைப் பார்த்தான். வாயிலை நோக்கிச் செல்பவர்கள் கறுப்புப் புள்ளிகளாக வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, அடுத்த ஆண்டும் என்னை அழைத்து வருவீர்களா?"

"ஐந்தாம் படிவத் தேர்வு முடியட்டும். அதற்குள், அந்தத் துழாவுகோலை எப்படி விரிப்பது என்று கற்றுத்தருகிறேன். என்னோடு வருபவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்," என்றார் மாமா.